கொழும்பிலிருந்தே ஒரு பாலைவன ஊரின் வரலாற்றைத் தேடும் முறை

தென் அவுஸ்திரேலியப் பாலைவனத்துச் சிற்றூரான மாரியின் வரலாற்றை எழுத விரும்புகிறவர், வெள்ளவத்தையிலுள்ள தம் வீட்டிலிருந்தபடியே, அவுஸ்திரேலியத் தேசிய நூலகம் ‘ட்ரோவ்’ தளத்தில் இலவசமாகத் திறந்து வைத்துள்ள பழைய நாளிதழ்களிலிருந்து தொடங்கலாம்.

முதலில் பழைய பெயரைத் தேடுங்கள். முதலாம் உலகப் போர்க்கால ஜெர்மானிய எதிர்ப்பால் 1918இல் மாற்றப்படும் வரை, அவ்வூர் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்ற ஜெர்மானியர் ஒருவரின் பெயராலேயே அச்சானது. புதிய பெயரை மட்டும் தேடினால், 1884இல் ரயில் பாதை வந்ததும் ஆப்கானிய ஒட்டகக்காரர் குடியேறியதும் கண்ணில் படமாட்டா.

தண்டவாளத்தின் ஒருபுறம் ஐரோப்பியரும் மறுபுறம் ஆப்கானியரும் பழங்குடியினரும் வாழ்ந்தனர். செய்தி எழுதியோர் பெரும்பாலும் ஐரோப்பியரே என்பதால், ஒட்டகச் சுமை, பேரீச்சை மரம், பள்ளிவாசல் பற்றிய ஒற்றைவரிக் குறிப்புகளையும் திகதியுடன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமான வேலை வேறில்லை என்பேன்.

அத்தளத்தில் 1954க்குப் பிந்திய நாளிதழ்கள் குறைவு. ஆகவே, அவ்வூர் வழியே அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு ஓடிய ‘கான்’ பயணிகள் ரயில் 1980இல் மேற்குப் பாதைக்கு மாறியது போன்ற பிந்திய காலத்துக் கதைகளுக்கு, தென் அவுஸ்திரேலிய மாநில நூலகத்தின் இணையப் படத்தொகுப்பைப் பாருங்கள்.