போரால் இடம்பெயர்ந்தோர் முகாமில் பள்ளி தொடங்குகிறவர்களுக்கு

மணி அடிக்காதீர்கள். கம்பியில் தொங்கவிட்ட இரும்புத் துண்டை முதல் நாள் நான் அடித்தேன். நான்கைந்து பிள்ளைகள் அந்தக் கணமே குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். அன்றிலிருந்து கைதட்டலும் ஒரு பாட்டும்தான் எங்கள் மணி.

புத்தகம் வந்து சேரட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் நான் காத்திருந்தபோது, பிள்ளைகள் தண்ணீர் லாரிகளின் சக்கரங்களுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தார்ப்பாயும் ஒரு குறிப்பேடும் இருந்தால் தொடங்கிவிடலாம். பிறகு யுனிசெஃபின் பள்ளிப் பெட்டி கிடைத்தால் நல்லது: ஓர் ஆசிரியருக்கும் 40 பிள்ளைகளுக்குமான பொருள்கள் அதில் இருக்கும், உடன் வரும் வண்ணத்தைப் பூசினால் பெட்டியின் மூடியே கரும்பலகை.

இடத்தை முடிவு செய்யுமுன், பிள்ளைகள் வரும் நேரத்தில் அவர்கள் வரும் பாதையில் நீங்களே நடந்து பாருங்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் நிற்கும் இடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் வேறு இடம் தேடுங்கள். கண்ணிவெடி அகற்றுவோர் சோதித்துச் சொல்லாத நிலத்தில் ஒரு முளைகூட அடிக்காதீர்கள்.

அடுத்தது கழிப்பறை. நிவாரணப் பணிக்கான உலகளாவிய குறைந்தபட்சத் தரங்களான ஸ்பியர் நெறிமுறைகளின்படி பள்ளியில் 30 சிறுமிகளுக்கு ஒன்று, 60 சிறுவர்களுக்கு ஒன்று வேண்டும். குடிக்கவும் கைகழுவவும் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர். எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள். பெரிய பெண்பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று கூடாரம் கூடாரமாகக் கேட்டுப் போனேன். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்.

கூடாரத்துக்கு இரண்டு வாசல் வையுங்கள். ஒரு பக்கம் மூடியிருந்தவரை ஒரு சிறுவன் வாசலை விட்டு உள்ளே நகரவே இல்லை. மறுபக்கத்தையும் அவிழ்த்துவிட்டோம், மூன்றாம் நாள் நடுவில் வந்து உட்கார்ந்தான்.

முதல் சில வாரங்களுக்குப் பாடம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, நேரம் மட்டும் தவறக்கூடாது: தினமும் அதே வேளை, அதே பாட்டு, அதே ஆசிரியர். "என்ன நடந்தது?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். எரியும் வீட்டை வரைந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அதுவாகப் பேசினால் கேளுங்கள். தூக்கம், பேச்சு எல்லாம் நின்றுபோன பிள்ளையைப் பயிற்சி பெற்றவரிடம் சேர்த்துவிடுங்கள், நீங்களே வைத்தியம் பார்க்காதீர்கள்.

வருகைப் பதிவேட்டை உயிரைப் போல் காப்பாற்றுங்கள். பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்பதும் அதில் இருக்கட்டும். வேறு எவர் வந்து கேட்டாலும் அனுப்பாதீர்கள். இரண்டு நாள் ஒரு பெயருக்குப் பதில் இல்லையென்றால், அன்று மாலையே தேடிப் போங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை நாள் வந்தது, எதுவரை படித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வாரந்தோறும் புதுப்பித்துக் கொடுங்கள். ஏதோ ஒரு நாள் விடியுமுன் லாரி வந்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த ஊர்ப் பள்ளியில் காட்டப் பிள்ளையின் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும்.