முதுமலைக்குச் சின்னக் குழந்தைகளோடு

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி கிட்டத்தில்தான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் கூடலூர் சுற்றே மேல். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். வண்டியில் செல்போன் கையில் இருந்தால் குமட்டல் கூடும்.

வனத்துறை வேன் சவாரிக்குக் காலை முதல் நடையே நல்லது. ஸ்வெட்டர் கட்டாயம். புலியைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் மானும் காட்டெருமையும் கண்ணில் படாது. ஐந்து வயதுக்குக் கீழே பைனாகுலர் வீண். அதை நிலையாகப் பிடிக்கவே கை வராது. பதிலாக, புள்ளிமான் ஆபத்தைக் கண்டு திடீரென உரக்கக் கத்தினால் அது பார்க்கும் திசையைப் பார்க்கச் சொல்லுங்கள். தெப்பக்காடு முகாமில் யானைக்கு ராகி உருண்டை ஊட்டுவதைப் பார்ப்பது எந்தச் சவாரியையும் தோற்கடிக்கும்.

புல்லில் நடந்துவிட்டு வந்தால் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.