கம்ப்யூட்டர் கேபினட் வாங்கும் முன் அளவைப் பாருங்கள்

கண்ணாடி, கலர் விளக்கையெல்லாம் விட்டுவிட்டு முதலில் மூன்று அளவைப் பாருங்கள்: மதர்போர்டு (ஏடிஎக்ஸ் என்ற வழக்கமான முழு அளவு என்றால் 305-க்கு 244 மில்லிமீட்டர்), கிராபிக்ஸ் கார்டின் நீளம், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம். முன்பக்கம் லிக்விட் கூலரின் ரேடியேட்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதன் தடிமனையும் ஃபேனின் தடிமனையும் கார்டுக்கான இடத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். முகப்பு வலையாக இருப்பது நல்லது. மூடிய கண்ணாடி அழகுதான், ஆனால் காற்று வராது.

சரி, பொருத்தும்போது? போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தூக்கிப் பிடிக்கும் சின்ன உலோகத் தூண்) இருக்கட்டும், வேறெங்காவது அடியில் ஒன்று முட்டினால் ஷார்ட் ஆகலாம். ஐ/ஓ ஷீல்டு (பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றி வரும் தகடு) தனியாக வந்திருந்தால் போர்டுக்கு முன்பே அதை அழுத்தி மாட்டிவிடுங்கள். பிராசஸருக்கான பவர் கேபிள் மேல் மூலைக்குப் போகும், பெரிய கூலர் உட்கார்ந்த பிறகு அங்கே விரலே நுழையாது, அதனால் முன்கூட்டியே இழுத்து வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு கடைசியில்.