டிராக்டர் லோடருக்குக் கழற்றி மாட்டும் கிரேன் பூம் செய்வது எப்படி?

டிராக்டரின் முன்பக்கம் லோடர் இருந்தால் எரு அள்ளலாம், மண் தள்ளலாம். மோட்டாரை டிரெய்லரில் ஏற்றவோ, வேலிக்குக் கல்லுக்கால் நடவோ, சிமெண்டு உறை இறக்கவோ வேண்டும் என்றால் பலரும் பக்கெட்டின் பல்லில் சங்கிலியைச் சுற்றித் தூக்குகிறார்கள். அது ஆபத்தான பழக்கம். சங்கிலி எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. நழுவாவிட்டாலும் எடை ஒரே பல்லில் தொங்குவதால் பக்கெட்டின் விளிம்பு வளைந்துவிடும். அதற்குப் பதில், பக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே பின்களில் மாட்டும் ஒரு பூம், அதாவது முனையில் கொக்கி தொங்கும் நீண்ட இரும்புக் கை, செய்துகொள்ளலாம். வெல்டிங் ஓரளவு தெரிந்தவர், பக்கத்தில் ஒரு லேத் பட்டறையின் துணை இருந்தால் செய்துவிடக்கூடிய வேலைதான்.

பக்கெட்டைச் சாய்க்க ஹைட்ராலிக் சிலிண்டர் உள்ள லோடருக்கு மட்டுமே இது பொருந்தும். கொண்டியை இழுத்தால் பக்கெட் தானாகக் கவிழும் வகையில் இதை மாட்டக் கூடாது.

முதலில் கணக்கு, அப்புறம் இரும்பு

இரும்பு வாங்கும் முன் பூமின் நீளத்தை முடிவு செய்யுங்கள். புதிதாகச் செய்பவர்கள் "கொஞ்சம் நீளமாக இருந்தால் வசதி" என்று நினைப்பார்கள். நீளம் கூடக் கூடத் தூக்கும் எடை குறையும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். லோடர் கை டிராக்டரோடு சேரும் மூட்டிலிருந்து பக்கெட் பின் வரை 2 மீட்டர். பக்கெட்டைக் கழற்றிவிட்டால் பின் இருக்கும் இடத்தில் 600 கிலோ தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1,200. இந்த 1,200-தான் நம் கையிருப்பு. பூமின் சொந்த எடை 80 கிலோ, அதன் எடைமையம் பின்னிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால், 80-ஐ 2.4-ஆல் பெருக்க 192. அதைக் கழித்தால் மிச்சம் 1,008. கொக்கி பின்னிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருந்தால், மூட்டிலிருந்து 3.5 மீட்டர், 1,008-ஐ 3.5-ஆல் வகுத்தால் 288 கிலோ. கொக்கியை 1 மீட்டரில் வைத்தால் 336 கிலோ. 600 கிலோ தூக்கும் லோடர், பூம் முனையில் பாதிகூடத் தூக்காது!

உங்கள் லோடரின் எண்களை அதன் கையேட்டிலிருந்து எடுத்து இதே கணக்கைப் போடுங்கள். வந்த விடையை அப்படியே நம்பாமல் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் 1.5 மீட்டருக்கு 250, 1 மீட்டருக்கு 300 என்று நான் எழுதுவேன். வயலில் ஒரு குழியில் சக்கரம் இறங்கினால், தொங்கும் எடை ஒரு கணம் தன் அளவைவிட அதிகமாக இழுக்கும். அதற்கு இடம் விட்டே ஆக வேண்டும்.

என்னென்ன வேண்டும்

பூமுக்கு 72×72×4.8 மி.மீ. சதுர பைப் போதும், ஆனால் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். 300 கிலோவை 1.5 மீட்டரில் ஒற்றைப் பைப்பில் தொங்கவிட்டால் அடிப்பகுதியில் சதுர மி.மீட்டருக்கு 160 நியூட்டனுக்கு மேல் அழுத்தம் வரும். 210 என்ற தரத்துப் பைப், பெயரில் உள்ள அதே 210 நியூட்டனில் நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். இரண்டு பைப்பை 'ஏ' வடிவில் முனையில் சேர்த்தால் அழுத்தம் பாதியாகும், எடை பக்கவாட்டில் ஆடும்போதும் பூம் முறுக்காது. ஜி.ஐ. பைப் வாங்காதீர்கள். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் வரும் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும், பற்றும் சரியாக இருக்காது.

காதுகளுக்கு, அதாவது பின் நுழையும் துளையுள்ள தகடுகளுக்கு, 12 மி.மீ. பிளேட், நான்கு துண்டு. கொக்கி, டி-ஷேக்கிள் (குறுக்கே பின் போட்டு மூடும் டி வடிவ வளையம்), சங்கிலி மூன்றும் தூக்கும் எடை அச்சிட்டதாக இருக்கட்டும். முறுக்குக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வெல்டிங்குக்கு 7018 ராடு நல்லது, ஆனால் ஈரம் பட்ட ராடு வேண்டாம்.

காதுகள்

இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பது இதுதான். பக்கெட்டைக் கழற்றிக் கீழே வைத்து, அதன் காதுகளில் உள்ள துளைகளை அப்படியே அட்டையில் படியெடுங்கள். கீழ்த்துளையில் லோடர் கை, மேல்துளையில் சிலிண்டர். இரண்டுக்கும் இடையிலான தூரம் நான்கு பிளேட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் நான்கையும் அடுக்கி, ஓரத்தில் சின்னதாக வெல்டிங் பொட்டு வைத்து, லேத் பட்டறையில் ஒரேயடியாகத் துளை போட்டு வாங்குங்கள். கேஸ் கட்டிங்கில் போட்ட துளை வேண்டாம். அது வட்டமாக இருக்காது. பின் ஆடி ஆடித் துளை இன்னும் பெரிதாகும்.

பிளேட்டுகளைப் பிரித்து, உண்மையான பின்களைக் கொண்டே லோடர் கையில் மாட்டுங்கள். கைக்கும் பிளேட்டுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று வைத்தால், வெல்டிங்கில் பிளேட் இழுத்தாலும் பிறகு கழற்ற வரும். மேல் ஒன்று, கீழ் ஒன்றாக இரண்டு குறுக்குப் பைப்புகளை வைத்து, மூலைமட்டம் பார்த்துப் பொட்டு மட்டும் வையுங்கள். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே மாட்டுங்கள். எர்த் தள்ளி இருந்தால் மின்சாரம் பின், சிலிண்டர் வழியாக ஓடி சிலிண்டரின் ராடில் புள்ளி விழும். அப்புறம் ஆயில் சீல் கிழிய அதிக நாள் ஆகாது.

முழு வெல்டிங்கை லோடரில் வைத்துச் செய்யாதீர்கள். பொட்டு வைத்ததைக் கழற்றித் தரையில் போட்டு, ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

பூம்

இரண்டு பைப்பும் கீழ்க் குறுக்குப் பைப்பிலிருந்து, காதுகளுக்கு நேர் முன்னால் தொடங்கி முனையில் சேரும். மேல் குறுக்குப் பைப்பிலிருந்து 'ஏ' வடிவின் ஒவ்வொரு காலுக்கும், அரை மீட்டர் தள்ளி, ஒரு சாய்வுத் துண்டு கொடுங்கள். எடை தொங்கும்போது பூமின் மேல்முகம்தான் இழுபடும். ஆகவே மேல்முகத்தில் துளை போடக் கூடாது. சாய்வுத் துண்டு உட்காரும் இடத்திலும் குறுக்காக வெல்டிங் வைக்காமல் பக்கவாட்டில் நீளமாக வையுங்கள்.

முனையில் ஒன்று, 1 மீட்டரில் ஒன்று என 12 மி.மீ. பிளேட்டில், ஷேக்கிள் மாட்டும் துளையோடு, இரண்டு கண் வையுங்கள். 1 மீட்டர் கண்ணுக்கு இரு கால்களுக்கும் நடுவே ஒரு குறுக்குத் துண்டு வேண்டும். கொக்கியை ஷேக்கிளில்தான் தொங்கவிட வேண்டும். கொக்கியின் மேல் வெல்டிங் வைத்தால் அதன் பதம் போய்விடும்.

கடைசியாக, கழற்றி வைத்தால் தானாக நிற்கும்படி குறுக்குப் பைப்பிலும் முனையிலும் சின்னக் கால்கள் வையுங்கள். அப்போதுதான் ஒரே ஆளாக டிராக்டரை ஓட்டி வந்து, காதுகளுக்குள் லோடர் கையை நுழைத்து, நான்கு பின்னையும் போட்டு, அவை நழுவாமல் ஆர்-கிளிப் மாட்ட முடியும். இந்த வசதி இல்லாவிட்டால், கழற்றச் சோம்பல்பட்டு பூமோடே ரோட்டில் ஓட்டுவீர்கள்.

ரெட் ஆக்சைடு அடித்து, இரண்டு கண்ணுக்கும் பக்கத்தில் அதனதன் எடையைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். டிராக்டரை வேறு ஆள் ஓட்டும்போது அது உதவும்.

சோதனை

முன்னால் எடை தொங்கினால் பின்சக்கரம் லேசாகும், வண்டி பக்கவாட்டில் கவிழவும் அதுவே வழி. எனவே பின்னால் ரொட்டவேட்டர் மாட்டாமல் பூமைத் தொடாதீர்கள். சமதளத்தில் தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் பேரலை 1 மீட்டர் கண்ணில் மாட்டி, தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பேரல் மெல்ல இறங்குகிறதா? பூமின் முனை தலை குனிந்தால் சாய்க்கும் சிலிண்டரின் சீல், கையே இறங்கினால் தூக்கும் சிலிண்டரின் சீல் அல்லது வால்வு. அதைச் சரிசெய்த பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். இறக்கி வைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஒவ்வொரு வெல்டிங்கின் ஓரத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். முடி அளவு கோடு தெரிந்தாலும் கிரைண்டரால் வெட்டி எடுத்து மறுபடி வையுங்கள்.

தூக்கப்போகும் பொருளின் எடையை மதிப்பிடவும் பழகுங்கள். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ. 8 அடி நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனமுள்ள கல்லுக்கால் 100 கிலோ வரும். கான்கிரீட்டுக்கு 2,400 என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

கிணற்று ஓரத்தில் இந்தப் பூமை நீட்டி மோட்டார் இறக்க வேண்டாம், முன்சக்கரத்தின் முழு பாரத்தையும் கரை தாங்காது. தோட்டத்து மின்கம்பிக்கு அருகே பூமை உயர்த்தவே கூடாது. எடை தொங்கும்போது யாரும் கீழே நிற்கக் கூடாது. கல்லுக்காலைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும் என்றால், கையால் பிடிக்காமல் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுக்கட்டும். நகர்த்தும்போது எடையைத் தாழ்வாக வைத்து, முதல் கியரில் மெதுவாகப் போங்கள்.