இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்? சென்னையிலிருந்து புறப்படுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தங்கையின் பிரசவத்துக்காக அமெரிக்கா புறப்பட்ட அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தது நான்தான். சென்னையிலிருந்து அதிகாலையில் கிளம்பி, நடுவில் ஓர் ஊரில் இறங்கி, அங்கிருந்து நேராகத் தங்கையின் ஊருக்குப் போகும் பயணம் அது. இடைவெளி 1 மணி 25 நிமிடம். ஒரே டிக்கெட், ஒரே நிறுவனம், ஒரே முனையம் என்பதால் அந்த நேரம் போதும் என்று நினைத்துவிட்டேன். விமானம் குறித்த நேரத்துக்கே தரையிறங்கியதாகக் கைபேசியில் தெரிந்தது. அரை மணி கழித்து அம்மா அழைத்தார். "எல்லாரும் இறங்கிட்டாங்கப்பா, வீல்சேர் கொண்டு வர்ற பிள்ளை இன்னும் வரல" என்றார். அவர் அடுத்த கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்தித்தான் ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த விமானம் மறுநாள் அதே நேரத்துக்கு. அந்த நாட்டு விசா இல்லாததால் வெளியே தங்கவும் வழியில்லாமல், 71 வயதில் ஒரு முழு நாளை அவர் நாற்காலியில் கழித்தார். அதற்குப் பிறகு உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் டிக்கெட் பார்த்துக் கொடுக்கும்போதெல்லாம் முதலில் நான் பார்ப்பது விலையை அல்ல, இடைவெளியைத்தான்.

டிக்கெட்டில் தெரியும் இடைவெளி முழுவதும் நம் கைக்கு வரும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. அது ஒரு விமானம் வந்து நிற்பதற்கும் மற்றொன்று நகரத் தொடங்குவதற்கும் இடையே உள்ள நேரம். பயணியின் நேரம் அதைவிடக் குறைவு. அம்மாவின் 85 நிமிடத்தையே எடுத்துக்கொள்வோம். பொதுவாகப் புறப்படும் நேரத்துக்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள் என்பதால் மீதி 65. பெரிய விமானத்தில் பின்வரிசையிலிருந்து வாசலுக்கு வரவே 20 நிமிடம் ஆகலாம், மீதி 45. விமானம் முனையத்தோடு ஒட்டி நிற்காமல் தொலைவில் நின்றால் பேருந்துக்காகக் காத்திருந்து ஏறி இறங்க இன்னொரு கால் மணி. பெரும்பாலான நிலையங்களில் இணைப்புப் பயணிகளுக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு. அந்த வரிசையில் ஒரு கால் மணி. எஞ்சிய கால் மணியில் அரை கிலோமீட்டர், சில இடங்களில் ஒரு கிலோமீட்டர், நடந்தாக வேண்டும். எதிலும் தாமதமே ஏற்படாத நாளின் கணக்கு இது. சக்கர நாற்காலி கேட்டவர்களைக் கடைசியில்தான் இறக்குவார்கள் என்பதால், அவர்களுக்கு இந்தக் கணக்கு தொடங்குவதே 20, 30 நிமிடம் கழித்துத்தான்.

"நிறுவனமே விற்கிறதே, நேரம் போதாமலா விற்பார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஓர் அளவு உண்டு. அதற்குக் கீழே இருக்கும் இணைப்பை ஒரே டிக்கெட்டாக விற்கமாட்டார்கள். அவ்வளவுதான் அதன் பொருள். வேகமாக நடக்கக்கூடிய, வழி தெரிந்த, கையில் குழந்தை இல்லாத ஒருவர் எட்டிப்பிடிக்கக்கூடிய எல்லை அது. வசதியாகப் போய்ச் சேரும் நேரம் அல்ல. துபாய், தோஹா, சிங்கப்பூர் போன்ற நிலையங்களில் ஒரே டிக்கெட்டில் போகும் நடுத்தர வயதுக்காரருக்கு இரண்டரை மணி நேரமும், பெற்றோர் தனியாகப் போவதாக இருந்தால் மூன்றரை மணி நேரமும் இல்லாமல் நான் பதிவு செய்வதில்லை. கூட்டமாகப் போகும்போது கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவருடைய நடையை வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகப் பணத்தையும் நிம்மதியையும் பறிக்கும் தவறு, விலை குறைவு என்பதற்காக இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை எடுத்து, அதை ஒரே பயணம் போல நடத்துவது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. உங்களுக்காகக் காத்திருக்கவோ அடுத்த விமானத்தில் இடம் தரவோ அவர்களுக்குக் கடமை இல்லை. அந்த டிக்கெட்டில் திரும்பிவரும் பயணமும் சேர்ந்திருந்தால், போகும் பயணத்தில் ஏறாத காரணத்தால் அதுவும் பெரும்பாலும் தானாகவே ரத்தாகிவிடும். ஒரே பிஎன்ஆர் எண்ணில் பயணம் முழுவதும் இருந்தால், தவறவிட்ட இணைப்புக்கு மாற்று விமானம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. சில பதிவு தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒரே விலையில் காட்டி, "பயணியே மாறிக்கொள்ள வேண்டும்" என்பதைச் சிறிய எழுத்தில் போடுகின்றன. பணம் கட்டுவதற்கு முன்பு பிஎன்ஆர் ஒன்றா இரண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு வழியே இல்லாமல் தனி டிக்கெட் எடுப்பவர்கள் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும்; கல்யாணம், தேர்வு, கப்பல் வேலையில் சேரும் நாள் போல நாள் தவறக்கூடாத காரியமாக இருந்தால் முந்தின நாளே போய் ஓர் இரவு தங்கிவிடுவது நல்லது.

தனி டிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போகாவிட்டால், நடுவில் இறங்கி, இமிகிரேஷன் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த நாட்டுக்குள் நுழைய விசா இல்லாதவரால் அது முடியாது. கோலாலம்பூரில் முதல் முனையத்திலிருந்து இரண்டாம் முனையத்துக்கு ரயிலில் மூன்று நிமிடப் பயணம்தான் என்றாலும், அந்த ரயில் இருப்பது இமிகிரேஷனுக்கு வெளியே. லண்டன் ஹீத்ரோவில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கே இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசா தேவை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்பவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. போன ஆண்டு அத்தை போய்வந்த அனுபவத்தை நம்பாமல், பயணத்துக்கு முந்தைய மாதம் அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அரை நிமிடம் போதும். பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் நீளமான வெள்ளைத் தாளில் மூன்றெழுத்துக் குறியீடுகள் அச்சாகியிருக்கும். சென்னையின் குறியீடு பழைய மெட்ராஸ் பெயரை ஒட்டி எம்ஏஏ. அந்தத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது நீங்கள் போய்ச்சேரும் கடைசி ஊரின் குறியீடாக இருந்தால் பெட்டி நேராகப் போகும். நடு ஊரின் குறியீடாக இருந்தால் அங்கேயே இறங்கிவிடும். உங்கள் கையில் தரும் சின்னத் துண்டிலும் அதே விவரம் இருக்கும். இரண்டாம் விமானத்தின் போர்டிங் பாஸையும் சென்னையிலேயே கேட்டு வாங்கிவிட்டால் நடுவில் ஒரு வரிசை குறையும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பெட்டியில் கடைசி ஊரின் பெயர் இருந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பொதுவாக இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் போக வேண்டும். ஃபிராங்ஃபர்ட் வழியாகச் சிகாகோவில் இறங்கி உள்ளூர் விமானம் பிடிக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் என்பது சூதாட்டம். நான்கு மணி நேரம் விடுவதே முறை. அபுதாபியில் அமெரிக்க இமிகிரேஷனே அமைந்திருப்பதால், அந்த வழியாகப் போகிறவர்கள் சோதனையை அங்கேயே முடித்துவிட்டு உள்ளூர்ப் பயணிகளைப் போல அமெரிக்காவில் இறங்கலாம். ஆனால் அந்த வரிசைக்கான நேரத்தை அபுதாபி இடைவெளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவுக்குள் இரண்டு ஊர் மாறுகிறவர்களுக்கும் இதே கணக்கு ஓரளவு பொருந்தும்: தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் முதலில் இறங்கும் ஊரில்தான் பாஸ்போர்ட் சோதனை.

நம் நாட்டுக்குள் மாறுவது எளிது என்று நினைத்தும் பலர் ஏமாறுகிறார்கள். சென்னையில் உள்நாட்டு முனையங்களும் பன்னாட்டு முனையமும் நடந்தே போகும் தூரத்தில் இருப்பதால் மதுரை, கோவையிலிருந்து வந்து மாறுகிறவர்களுக்கு அலைச்சல் குறைவு. மும்பையில் முதல் முனையத்துக்கும் இரண்டாம் முனையத்துக்கும் இடையே நகரச் சாலை நெரிசலில் சில கிலோமீட்டர் போக வேண்டும். தில்லியிலும் ஒன்றாம் முனையத்திலிருந்து மூன்றாம் முனையத்துக்குச் சாலை வழிதான். வெளிநாட்டிலிருந்து தில்லி வழியாகச் சென்னை திரும்புகிறவர்கள் பொதுவாகத் தில்லியிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டியிருக்கும் என்பதால் மூன்று மணி நேரமாவது வேண்டும்.

பருவத்தைப் பார்க்காமல் பதிவு செய்வது சென்னைக்காரர்கள் செய்யக்கூடாத தவறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சேவை நிறுத்தப்பட்டது. அந்த அளவுக்குப் போகாத சாதாரண அடைமழை நாளிலேயே ஒரு மணி நேரத் தாமதம் எளிதில் வந்துவிடும். போகி விடியற்காலைப் புகையும் அப்படித்தான்; 2018 போகியன்று புகைமூட்டத்தால் பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. டிசம்பர், ஜனவரியில் தில்லி வழியாகப் போனால் அங்கே மூடுபனி. ஐப்பசி முதல் தை வரையிலான பயணங்களுக்கு வழக்கமான இடைவெளியோடு கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவு செய்த பிறகு டிக்கெட்டைத் திரும்பிப் பார்க்காமல் விடுவதும் ஆபத்து. விமான அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகிறது. ஆடியில் எடுத்த மார்கழி டிக்கெட்டில் மூன்று மணி நேரமாக இருந்த இடைவெளி இடையில் ஒன்றேகால் மணியாகச் சுருங்கியிருக்கலாம். நிறுவனமே நேரத்தை மாற்றியிருந்தால் கட்டணமில்லாமல் வேறு விமானத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம்; கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். டிக்கெட்டில் உள்ள நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் நேரம் என்பதையும் மறக்கக்கூடாது: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12.40-க்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குச் சனிக்கிழமை இரவே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். இதில் நாள் தவறியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

பயத்தில் மறு எல்லைக்குப் போய், பெற்றோருக்கு 11 மணி நேர இடைவெளியைப் போட்டுவிடுவதும் சரியல்ல. இடைவெளி ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் முதியவர்களுக்குக் கால் வீங்குகிறது, மருந்து வேளை தப்புகிறது, எங்கே படுப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள். நீண்ட இடைவெளி தவிர்க்க முடியாததென்றால், இமிகிரேஷன் தாண்டாமலே தங்கக்கூடிய ஹோட்டல் நிலையத்துக்குள் உண்டா என்று பார்த்து முன்கூட்டியே அறை எடுத்துவிட வேண்டும். சில நிறுவனங்கள் நிபந்தனைகளோடு தங்குமிடம் தருகின்றன. அது பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய விஷயம். இடைவெளியின் நீளத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பிடிக்கப்போகும் விமானம் அந்த ஊருக்கு அன்றைய கடைசி விமானமா? நாளுக்கு இரண்டு மூன்று விமானங்கள் இருக்கும் வழியில் ஒன்று தவறினால் சில மணி நேர நஷ்டம். ஒன்றே ஒன்று இருக்கும் வழியில் ஒரு நாள் போய்விடும். கட்டணத்தில் நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் அதிகம் என்றாலும் முதல் வகையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பேரன் பிறந்து ஐந்து மாதம் கழித்து அம்மா திரும்பியபோது இடைவெளி 3 மணி 50 நிமிடம். சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே உறுதி செய்து, மாத்திரைகளையும் ஊர் திரும்பும் போர்டிங் பாஸையும் கைப்பையில் தனி உறையில் போட்டுக் கொடுத்திருந்தாள் தங்கை. அன்றும் அவரைக் கடைசியாகத்தான் இறக்கினார்கள். சோதனை முடிந்து, கேட் அருகே உட்கார்ந்து, தங்கை கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு அவர் என்னை அழைத்தபோது, சென்னை விமானம் புறப்பட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.