ஓவியம் வாங்கும்போது கூடுதல் விலை கொடுத்துவிட்டால்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் சென்ற மாதம் ஓர் இளைஞரைப் பார்த்தேன். ஒரு கோட்டோவியத்தின் முன்னால் நின்றபடி, அதே ஓவியரின் படைப்புகள் ஏலத்தில் என்ன விலைக்குப் போயின என்று கைபேசியில் தேடிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தது இரண்டு முறைதான். நானும் ஒரு காலத்தில் அப்படி நின்றவன் என்பதால் இதை எழுதுகிறேன். போலிக் கையெழுத்து, ரசீது வாங்காமல் விடுவது போன்றவற்றைப் பற்றி யாரும் எச்சரிப்பார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பதிப்பு எண்ணைப் புரிந்துகொள்ளாமல் பணம் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. 2009-இல் நகரத்துக் கேலரி ஒன்றில், எனக்குப் பிடித்த ஓவியரின் சில்க் ஸ்கிரீன் அச்சு (மெல்லிய துணித் திரை வழியாக மையைத் தாளில் இறக்கி எடுப்பது) ஒன்றை 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். கீழ் ஓரத்தில் பென்சிலால் 41/75 என்று எழுதியிருந்தது. முதல் எண் அந்தத் தாளுக்குரியது, இரண்டாவது எண் மொத்தப் பிரதிகளின் எண்ணிக்கை. அதாவது அதே படம் இன்னும் 74 வீடுகளில் இருக்கலாம், ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் சில பிரதிகள் வேறு. இது எனக்குத் தெரியாது. அரிய படைப்பு என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, கலைப்பொருளுக்குப் பேரம் பேசுவது நாகரிகமல்ல என்றும் நினைத்துக்கொண்டு, காசோலையை நீட்டினேன். நான்கு மாதம் கழித்து, அதே படத்தின் 58-ஆம் பிரதியை வேறொரு கண்காட்சியில் 24,000 ரூபாய் விலைச் சீட்டோடு பார்த்தேன்.

படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஓட்டு வீடு, திண்ணையில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம், குடத்தின் விளிம்பில் மட்டும் நூலளவு ஆரஞ்சு நிறம். வாங்கிய புதிதில் அந்த ஆரஞ்சுக் கோட்டுக்காகவே அதன் எதிரே உட்கார்ந்து காலைக் காபியைக் குடிப்பேன். கண்காட்சிக்குப் போய்வந்த பிறகு, நிமிர்ந்தால் குடம் தெரியவில்லை. 44,000 ரூபாய்தான் தெரிந்தது. கொடுத்த விலையை நியாயப்படுத்துவதற்காக வரவேற்பறையின் நல்ல சுவரை அதற்கே ஒதுக்கினேன், வந்தவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசினேன், மனதுக்குப் பிடிக்காமலேயே அதே ஓவியரின் இன்னும் இரண்டு அச்சுகளையும் வாங்கினேன். “இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை வருகிறவர்களுக்குப் பிடிக்க வேண்டுமா?” என்று மனைவி கேட்டார்.

விலை கூடினால் இன்பமும் கூடும் என்று வாதிடுவோர் உண்டு. 2008-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒயினை இரண்டு விலைகள் சொல்லிக் கொடுத்தபோது, அதிக விலை சொல்லப்பட்டதே சுவையானது என்று குடித்தவர்கள் கூறினார்கள். ஆனால் ஒயின் அன்றைக்கே தீர்ந்துவிடும். ஓவியம் இருபது ஆண்டுகள் சுவரில் இருக்கும், அதற்குள் உண்மை விலை ஏதாவதொரு நாள் வீடு தேடி வந்துவிடும்.

கூடுதல் தொகை கொடுத்தாலே உறுத்தும் என்பதில்லை; அதற்கு என் நண்பரே சாட்சி. 1985-இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில் அவருடைய தந்தை பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தின் நீர்வண்ண ஓவியம் ஒன்றுக்கு, அதிகம் என்று தெரிந்தே, நண்பர் இரு மடங்கு விலை கொடுத்தார்; இன்றுவரை அதைப் பற்றி அவர் குறைபட்டதில்லை. அவர் எதற்கு அவ்வளவு கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்தார், நானோ அறியாமல் கொடுத்தேன். ஆகவே எத்தனை பிரதிகள், எண்ணிடப்படாதவை எத்தனை, அச்சிட்ட திரை அழிக்கப்பட்டதா, வேறொரு பிரதி கடைசியாக என்ன விலைக்குப் போனது என்ற நான்கையும் பணம் எடுக்கும் முன் கேளுங்கள்.

‘பழைய தஞ்சாவூர் ஓவியம்’ என்ற சொல்லுக்கு விலை கொடுப்பது

நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓவியம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்பொருள். அதை விற்கும் வணிகரிடம் உரிமம் இருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பல படங்களுக்கு அந்த நொடியே வயது குறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடலைப் பார்த்த சுவரில் காகித ஓவியம்

பூஞ்சை பிடிக்கும். மாட்டாதீர்கள்.

மாதம் ஒருமுறை விலை பார்ப்பது

விற்கப் போவதில்லையென்றால் எதற்கு?

விற்றால் உறுத்தல் தீரும் என்று நம்புவது

பின்னால் வாங்கிய இரண்டு அச்சுகளையும் 2015-இல் விற்றேன். போட்ட பணத்தில் பாதிகூட வரவில்லை, உறுத்தலும் தீரவில்லை. குடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அது இப்போது வரவேற்பறையில் இல்லை, சாப்பாட்டு அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது விலை கேட்டால் மறந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். சில காலைகளில் அந்த ஆரஞ்சுக் கோடு மறுபடியும் கண்ணில் படுகிறது.