மும்பையிலிருந்து புக்கெட்டுக்கு யாட் பயணம்: கிளம்பும் முன்பே நடக்கும் தவறுகள்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இப்போது இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, தாய்லாந்தின் புக்கெட்டில் நாற்பது அடி கேட்டமரான் (இரட்டை அடிப்பகுதி கொண்ட பாய்ப்படகு) ஒன்றை கேப்டனோடு வாடகைக்கு எடுக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் ஹோட்டல் டூர் போலத் திட்டம் போட்டால் படகில் நிம்மதி இருக்காது. கடலில் சிக்கலாக வெடிக்கும் விஷயங்களில் பெரும்பாதி மும்பையில் உட்கார்ந்து பேசி முடித்தவைதான்.

முதலும் பெரியதும் மாதத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது. பள்ளி லீவு என்று மே மாதத்தில் பதிவு செய்கிறார்கள். புக்கெட், ஃபி ஃபி, ஃபாங் ங்கா விரிகுடா மூன்றும் அந்தமான் கடலில் இருக்கின்றன. மும்பைக்கு ஜூனில் வரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மே மாதத்திலேயே வந்துவிடும். மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேற்கிலிருந்து உருண்டு வரும் அலைதான் பிரச்சினை. அதனால் தீவுகளின் மேற்குக் கரைகளில் நங்கூரம் போட்டு நிற்க முடியாது, ராத்திரி தூக்கமும் போய்விடும். அந்த மாதத்தில் வாடகை சல்லிசாக இருப்பதற்குக் காரணமே இதுதான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று. கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே லீவைத் தவிர வேறு வழியில்லை என்றால் தாய்லாந்தின் கிழக்குப் பக்கமுள்ள கோ சமுய்க்குப் போங்கள். அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பக்கத்திலேயே ஆங் தோங் தேசியப் பூங்காவின் தீவுக்கூட்டம் இருக்கிறது.

அடுத்தது தூரத்தைப் பற்றிய தவறான கணக்கு. பாய் விரித்து ஓடும் கேட்டமரான் மணிக்கு ஐந்து, ஆறு கடல் மைல் போகும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதாவது மணிக்கு ஒன்பது முதல் பதினோரு கிலோமீட்டர்தான். புக்கெட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஃபி ஃபிக்கு ஏறக்குறைய 25 கடல் மைல், நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ஸ்பீட்போட் டூர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் ஃபி ஃபி, ஃபாங் ங்கா, சிமிலான் எல்லாம் வேண்டும் என்று கேட்பவர்கள் பகல் முழுவதும் எஞ்சின் சத்தத்தில்தான் கழிப்பார்கள். சிமிலான் தீவுகள் எதிர்த்திசையில் இருக்கின்றன, அதற்குத் தனிப் பயணம் வேண்டும். மூன்று நாள்தான் என்றால் ஃபாங் ங்கா விரிகுடா மட்டும் போதும். ஃபி ஃபியும் வேண்டுமென்றால் ஐந்து நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள மாயா விரிகுடாவுக்குள் எந்தப் படகும் போக முடியாது. 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில் திறந்தபின், பின்பக்கத்து லோ சாமா விரிகுடாவில் இறங்கி நடந்துதான் போக வேண்டும்.

தேதியைக் குறிப்பதற்கு முன் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். புக்கெட் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அப்போது மூன்று மீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது வெகுவாகக் குறைந்துவிடும். மழைக்காலத்தில் ஹை டைடு நேரம் பார்த்தே வெளியே கிளம்பும் மும்பைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஃபாங் ங்காவில் பாறைக் குகை வழியாகக் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் உள்ளே நுழையும் இடங்கள் பல உண்டு. தண்ணீர் அதிகம் ஏறினால் குகையின் கூரை தலையில் இடிக்கும், வற்றினால் கயாக் தரைதட்டும். எந்த நேரம் எந்தக் குகை என்று முடிவு செய்வது கேப்டன்தான். காலை எட்டுக்கு இது, பத்துக்கு அது என்று நேர அட்டவணை எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

‘இன்னும் கொஞ்சம் கரைப்பக்கம் நிறுத்துங்களேன்’ என்று கேப்டனை நெருக்குவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் ஏன் மறுக்கிறார் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆழம் 6 மீட்டர். நீர்மட்டத்திலிருந்து படகின் மூக்கு 1.5 மீட்டர். இரவில் கடல் ஏறப்போவது 2.5 மீட்டர். கூட்டினால் 10. அதன் ஐந்து மடங்கு, அதாவது 50 மீட்டர் சங்கிலி விட வேண்டும். சங்கிலி படுத்த வாக்கில் இழுத்தால்தான் நங்கூரம் மணலில் புதையும். செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இவ்வளவு சங்கிலியோடு காற்று திரும்பும்போது படகு ஒரு பெரிய வட்டமே அடிக்கும். அந்த வட்டத்துக்குள் கரையோ, இன்னொரு படகோ, பவளப்பாறையோ இருக்கக் கூடாது. பவளத்தின் மேல் சங்கிலி உரசினால் பல பத்தாண்டுகள் வளர்ந்தது ஒரே இரவில் நொறுங்கும்.

கரைக்குப் போவது டிங்கி என்ற சின்ன எஞ்சின் படகில். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் டிங்கியை மணலில் இழுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். திரும்பி வந்தால் கடல் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும். எஞ்சினோடு சேர்த்து நூறு கிலோவைத் தாண்டும் அதைச் சேற்றில் இழுக்க முடியாது, அடுத்த ஏற்றத்துக்காகப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். இறங்கும்போதே கேப்டனிடம் திரும்பும் நேரத்தைக் கேட்டு, அதை மீறாதீர்கள். டிங்கியை ஓட்டுபவர் எஞ்சினை அணைக்கும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டியிருக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அவர் தவறி விழுந்தால் அந்தக் கயிறுதான் ப்ரொப்பெல்லரை நிறுத்தும்.

தண்ணீரும் கரண்டும் படகில் அளந்துதான் கிடைக்கும். தொட்டி 600 லிட்டர், ஆள் எட்டு, நாள் மூன்று என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். வீட்டு ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர் போய்விடும். கடலில் குளித்து எழுந்ததும் பின்படியில் இருக்கும் கைஷவரில் ஒரு நிமிடம் உப்பைக் கழுவினால் போதும். குடிநீர் தனி: ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று கேன் வாங்கி ஏற்றுங்கள்.

மிக்ஸி, எலக்ட்ரிக் குக்கர் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலான வாடகைப் படகுகளின் இன்வெர்ட்டர் போன், லேப்டாப் சார்ஜ் செய்யத்தான். 750 வாட் மிக்ஸி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் அணையும், அதே பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜும் நிற்கும், காலையில் பால் திரிந்திருக்கும். கேஸ் அடுப்பு உண்டு. மாட்டுங்கா கடைகளில் கிடைக்கும் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பேஸ்ட் இருந்தால் சாதம் வடித்த பத்து நிமிடத்தில் சாப்பாடு தயார். பித்தளை ஃபில்டருக்குக் கரண்ட் தேவையில்லை. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், அந்த வெக்கையில் மதியம் வரைகூடத் தாங்காது.

கழிப்பறைக் குழாயின் விட்டம் ஒன்றரை அங்குலம்தான். டிஷ்யூ, ஈரத்துடைப்பான், நாப்கின், தலைமுடி எது போனாலும் வால்வில் சிக்கும். அடைத்தால் பம்பைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பையில் போடுங்கள். கைப்பம்பு என்றால் பதினைந்து இருபது தடவை அடியுங்கள். கிண்ணம் காலியானால் போதாது, குழாயும் காலியாக வேண்டும்.

கடல் குமட்டல் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கேட்வே ஆஃப் இந்தியாவில் பாய்ப்படகு எடுத்து, காற்று எழும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் போய்ப் பாருங்கள். துறைமுகத்துக்குள் கடல் ஒதுக்கமானது. அங்கேயே தலை சுற்றினால் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்வது கட்டாயம். குமட்டல் தொடங்கியபின் மாத்திரை வயிற்றில் நிற்காது, முன்னாடியே போட வேண்டும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரையோடு மது சேரக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பூரியும் ஆகாது. இட்லி சரி. அறைக்குள் போய்ப் படுக்கவோ போனைப் பார்க்கவோ செய்யாமல், மேலே காற்றில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். வாந்தி வந்தால் கம்பிக்கு வெளியே குனியாதீர்கள், வாளி கேளுங்கள். ஆட்கள் கடலில் விழுவது இப்படித்தான்.

புடவைத் தலைப்பு, துப்பட்டா, விரித்த கூந்தல் மூன்றும் கயிறு சுற்றும் வின்ச்சில் சிக்கும். குழந்தைகளின் எடையை முன்கூட்டியே எழுதி அனுப்பி, அந்த எடைக்கான லைஃப் ஜாக்கெட் உண்டு என்று பதில் வாங்குங்கள். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டினால் தண்ணீரில் தலை வழியே கழன்றுவிடும். பெட்டி வைக்க இடமிருக்காது, மடங்கும் துணிப்பை கொண்டுபோங்கள்.

சன்ஸ்கிரீன் அட்டையைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்களைத் தாய்லாந்து கடல் தேசியப் பூங்காக்களில் 2021 ஆகஸ்டில் தடை செய்துவிட்டது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. பாக்ஸ் ஜெல்லி மீன் தீண்டினால் தேய்க்கவோ நல்ல தண்ணீர் ஊற்றவோ கூடாது. அரை நிமிடமாவது வினிகர் ஊற்றி, உடனே உதவி கேளுங்கள். படகில் வினிகர் பாட்டில் இருக்கிறதா என்று ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.

டீசல், பூங்காக் கட்டணம், கேப்டனின் சாப்பாடு, சேத முன்பணம் இவையெல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேப்டன் புயல் காரணமாகக் கிளம்ப மறுத்தால் பணம் என்னாகும் என்பதும் அதில் இருக்கட்டும். தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. படகை ஒப்படைக்கும் நாளன்றே பிற்பகல் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். எதிர்க்காற்று அடித்தால் நான்கு மணி நேரம் ஆறாகிவிடும். கடைசி இரவு, படகை ஒப்படைக்கும் மெரினாவிலிருந்து (படகுத்துறை) இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் நங்கூரம் போடச் சொல்லுங்கள்.